விளக்கு ரத்தினத்தின் குரல்

ஜெயமேரிக்குப் பல் கட்டுகிற வேலை. ராபர்ட்சன்பேட்டையில் டாக்டர் சௌந்தரராஜனின் பல் ஆஸ்பத்திரியில் முன்னறை டாக்டருக்கு, பின்னறை இவளுக்கு. வாயில் எடுத்த அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றிக் காயவைப்பாள். காய்ந்த மாவுத் தாடையின்மேல் சிவப்பு மெழுகால் ஈறு வைத்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நடுவாள். பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிற அக்ரிலிக்கை அடைத்து வேகவைத்தால் பல் செட் தயார். பள்ளிக்கூடம் முடிந்ததும் சும்மா கூடமாட உதவிக்குப் போனவள், கை படிந்துபோய் அங்கேயே தங்கிவிட்டாள்.

ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடொன்றில் அம்மாவும் அவளும் இருந்தார்கள். அப்பா தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்து இறந்தபோது அவள் எட்டாம் வகுப்பு. அதைப் பற்றி அவளாகப் பேசமாட்டாள். பொதுவாகவே பேச்சு குறைவு. டாக்டர் எதைச் சொன்னாலும் "சரி டாக்டர்" என்பாள், அம்மா எதைச் சொன்னாலும் "சரிம்மா." அவளுக்குள் வேறொரு ஆள் இருந்தது யாருக்கும் தெரியாது. அவளுக்கே 1993 டிசம்பரில்தான் தெரிந்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வின்னியின் அக்கா வெளிநாட்டில் பெர்த் நகரத்திலிருந்து வந்திருந்தாள். வின்னி ஆங்கிலோ இந்தியன், பக்கத்துக் கோரமண்டலில் அம்மாவோடு இருந்தான், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவில் அவனும் ஜெயமேரியும் ஏனோக்கும் வருஷாவருஷம் சேர்ந்து பாடுவார்கள். ஏனோக் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். வாரம் முழுக்க கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போய் வருகிறவன். அக்கா தம்பிக்காக ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தாள். உள்ளே இரண்டு தடிப் புத்தகங்கள், நாலு முகம் எட்டு முகம் இருபது முகம் என்று விதவிதமான பகடைகள், ஈயத்தில் வார்த்த நான்கு குட்டி வீரர்கள்.

"இது கதை சொல்ற ஆட்டம்," என்று வின்னி விளக்கினான். "நான் இடத்தைச் சொல்லுவேன். நீங்க ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கணும். அந்த ஆளு இன்னா பண்றான், இன்னா பேசறான், எல்லாம் நீங்கதான். முடியுமா முடியாதான்னு பகடை சொல்லும்."

நாலாவது ஆளாக ஜெயமேரி தன் சிநேகிதி தேவிகாவை அழைத்துவந்தாள். தேவிகா பக்கத்து லைன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவள். இப்போது நர்சரி பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வின்னி வீட்டுப் பின்னறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள்.

முதல் ஆட்டம் தேறவில்லை. புத்தகத்தில் கோட்டையும் பனியும் குதிரை வீரர்களுமாக இருந்தது. ஏனோக் கோட்டை வாசலில் நின்றுகொண்டு, "வாட்ச்மேன் யாரும் இல்லியா? யாருகிட்ட கேட்டுக்கினு உள்ள போறது?" என்றான். தேவிகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வின்னி புத்தகத்தை மூடப் போனபோது ஜெயமேரி சொன்னாள்: "பூமிக்கு அடியில போலாம் வின்னி. கோட்டையெல்லாம் நம்ம யாரு பார்த்தோம்?"

அப்படித்தான் கீழூர் உண்டானது. சுரங்கத்தின் கடைசி லெவலுக்கும் கீழே, எந்தக் கம்பெனியும் தோண்டாத ஓர் ஊர். அங்கே தெருக்கள் இருந்தன, சந்தை இருந்தது, ஆறு ஓடியது. வெளிச்சம் மட்டும் கிடையாது.

கீழூருக்குப் புத்தகத்தின் விதிகள் பொருந்தவில்லை. ஜெயமேரி வாரா வாரம் ஒன்றை மாற்றினாள். வெளிச்சம்தான் கீழூரில் பெரிய சொத்து, அதனால் நடக்க நடக்க விளக்கு எண்ணெய் குறைய வேண்டும் என்றாள். எண்ணெய் தீர்ந்தால் ஆடுகிறவர்கள் எல்லாரும் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் பேச வேண்டும். முதல்முறை விளக்கு அணைந்தபோது நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வின்னி மெல்லிய குரலில், "உங்க கூட இன்னொருத்தர் மூச்சு விடறாரு," என்றான். தேவிகா ஜெயமேரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் புத்தகத்தைத் தேடவில்லை.

பொம்மைகளும் அவள் வேலைதான். டாக்டரிடம் கேட்டு, மிச்சம் விழுகிற மெழுகையும் நிறம் கெட்ட அக்ரிலிக் பொடியையும் எடுத்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காய்ச்சி, மெழுகில் விரல்கணு உயரத்துக்கு ஆட்களைச் செதுக்குவாள். மூக்கு, புருவம், முழங்காலில் வேட்டி மடிப்பு. பல்லில் சின்ன பள்ளம் வெட்டிப் பழகிய கைக்கு அது கஷ்டமாக இல்லை. வார்த்து எடுக்கும்போது கீழூர் ஜனங்கள் எல்லாரும் ஈறு மாதிரி ரோஸ் நிறத்தில் இருப்பார்கள். சைக்கிள் பெயிண்ட் பூசிய பிறகுதான் மனிதர்கள் ஆவார்கள். கல்தின்னி என்று ஒரு ஜந்து செய்தாள். முகம் முழுக்க வாய். வாய் நிறைய, அளவு சரியில்லாமல் ஒதுக்கிவைத்த, பல் செட்டுக்கான கடைவாய்ப் பற்கள். அதை மேஜையில் வைத்ததும் ஏனோக் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

ஏனோக்கின் ஆள் கரடி மாணிக்கம். தேவிகாவின் ஆள் நாகு, பாம்பு பாஷை தெரிந்தவள். ஜெயமேரி தனக்கென்று செய்துகொண்டது விளக்கு ரத்தினம். ஐம்பது வயதுக்காரி, கீழூரின் விளக்குகளுக்குக் காவல், இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் ஓயாமல் வெற்றிலை. ரத்தினம் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். திட்டுவாள், பேரம் பேசுவாள், பூதத்தைப் பார்த்து "ஒதுங்கி நில்றா, எண்ணெய் சிந்துது" என்பாள். பேசுமுன் தொண்டையை ஒருமுறை கனைத்துக்கொள்வாள். டாக்டரிடம் "சரி" தவிர வேறு சொல்லாத ஜெயமேரி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இரைந்து பேசினாள்.

"ஜெயா, இவ்ளோ நாளா இவளை எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" என்று ஒருநாள் நடந்து திரும்பும்போது தேவிகா கேட்டாள்.

"தெரியல," என்றாள் ஜெயமேரி. அவளுக்கு அன்று சந்தோஷமாக இருந்தது.

இரண்டு வருஷம் போல ஆன பிறகு அவள் பெரிய விதி ஒன்றை மாற்றினாள். புத்தகத்தில் செத்தவர்களை மந்திரத்தால் எழுப்பலாம். அதை எடுத்துவிடலாம் என்றாள். "எழுப்பலாம்னா யாரும் பார்த்து நடக்கமாட்டாங்க. பகடை உருட்டும்போது கை நடுங்கணும். செத்தா செத்ததுதான்." கடைசி வாக்கியத்தை ரத்தினத்தின் குரலில், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். "கதைக்கு வெயிட் வரும்," என்றான் வின்னி. ஏனோக் தலையை ஆட்டினான். தேவிகாவும் சரி என்றாள்.

1997 மழைக்காலத்தில் அந்த விதிக்கு வேலை வந்தது. கீழூரில் வெள்ளம் புகுந்த ஒரு பாதையில் கரடி மாணிக்கம் கடைசியாக வந்துகொண்டிருந்தான். ஏனோக் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் சாவு. ஏனோக் பொம்மையை எடுத்து மேஜையில் படுக்கவைத்து, "சரி," என்றான். வின்னியின் அம்மா கொண்டுவந்த டீயைக் குடித்தான். போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் போனான்.

ஜெயமேரி அந்த வாரமே அவனுக்குப் புதிய ஆள் செய்தாள். நீச்சல்காரன் தங்கப்பன், தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருக்கும். அவள் செய்ததிலேயே நுணுக்கமான பொம்மை அதுதான். ஏனோக் அதை இரண்டு வாரம் ஆடினான். அப்புறம் ஒருநாள் காலை தேவிகா வந்து, "வின்னி அம்மாவுக்குப் பிரஷராம் ஜெயா. சத்தம் ஆகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஆட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திக்கலாம்னு வின்னி சொல்றான்," என்றாள்.

அதில் சந்தேகப்பட என்ன இருந்தது? பொம்மைகள் வின்னி வீட்டிலேயே இருந்தன. நோயாளி இருக்கிற வீட்டில் போய் அதைக் கேட்பது முறையில்லை என்று ஜெயமேரி விட்டுவிட்டாள். வின்னியைக் கடைத்தெருவில் பார்த்தபோது, "ஆன்ட்டி எப்படி கீறாங்க?" என்று கேட்டாள். "பரவால்ல மேரி," என்று சொல்லிவிட்டு அவன் வேகமாகப் போனான். ஜெயமேரியும் அவள் அம்மாவும் ராத்திரி ஜெபத்தில் வின்னி அம்மா டோரீன் ஆன்ட்டியின் பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடி தொடங்கும்போது இருக்கட்டும் என்று அவள் புதிய பொம்மைகளைச் செய்துகொண்டிருந்தாள். கீழூர் சந்தைக்கு ஒரு மீன்காரி, ஒரு குருட்டு வைத்தியன், மூட்டை தூக்குகிற ஒரு குடும்பம். தேவிகா ஞாயிற்றுக்கிழமைகளில் பங்காருப்பேட்டைச் சித்தி வீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். சித்திக்கு உடம்பு சரியில்லை என்றாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

டோரீன் ஆன்ட்டிக்குப் பல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு செட் கட்டிக்கொள்ள வந்தாள். வின்னிக்குப் பரீட்சை டியூட்டி, தனியாகத்தான் வந்தாள். மெழுகில் நட்ட பல்லை வாயில் வைத்துப் பார்க்கிற நாள். சரியாக உட்காருகிறதா, பேச்சு தெளிவாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அக்ரிலிக்கில் வார்ப்பார்கள். டாக்டர் ஜெயமேரியையும் முன்னறைக்குக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்.

"எதாவது பேசுங்கம்மா," என்றார். "ஸ வர்ற மாதிரி. சண்டே, சாட்டர்டே, அப்படி."

"சண்டே," என்றாள் டோரீன் ஆன்ட்டி. நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "சண்டே. சண்டேன்னா எங்க வீட்ல ஒரே சத்தம் டாக்டர். இந்தப் பசங்க வந்து உக்காந்துக்கினு சிரிக்கிற சிரிப்புல நான் தூங்கவே முடியாது." ஜெயமேரி பக்கம் திரும்பினாள். "நீ இன்னாத்துக்கு மேரி இப்ப வரதே இல்ல? ஏனோக் வர்றான், அந்த தேவிகா வருது. உன்னக் கேட்டா, உனக்கு வேலை ஜாஸ்தின்னு வின்னி சொல்றான். ஒரு நாளாச்சும் வாயேன்."

ஜெயமேரி கையில் மெழுகுக் கத்தி இருந்தது. "உங்களுக்குப் பிரஷர்னு சொன்னாங்க ஆன்ட்டி," என்றாள்.

"பிரஷரா? எனக்கா? எனக்குப் பல்லு ஒண்ணுதான் போச்சு, சைல்ட். மத்ததெல்லாம் நல்லா கீது."

"ஸ நல்லா வருது," என்றார் டாக்டர். "மேல் வரிசை கொஞ்சம் முன்னால நிக்குதா பாரு ஜெயமேரி."

அவள் குனிந்து டோரீன் ஆன்ட்டியின் வாய்க்குள் பார்த்தாள். இரண்டு முன்பற்கள் லேசாகத் தூக்கியிருந்தன. செட்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போய், மெழுகைச் சூடாக்கி, பற்களை உள்ளே தள்ளி வைத்தாள்.  

சனிக்கிழமை சாயந்திரம் குழாயடியில் தேவிகாவைப் பார்த்தாள். "நாளைக்கு சித்தி வீட்டுக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாடி. இன்னும் முடியாமதான் கீறாங்க," என்றாள் தேவிகா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பொய் அத்தனை பழகியிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஜெயமேரி கோரமண்டலுக்கு நடந்தாள். வின்னி வீட்டின் பக்கவாட்டில் போனால் பின்னறை ஜன்னல். அது திறந்திருந்தது. சமையற்கட்டு வாசலுக்குப் போகும் வழியில் அந்த ஜன்னலைத் தாண்டுமுன் அவள் நின்றாள்.

உள்ளே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு விளக்கு ரத்தினம் பேசினாள்.

"ஒதுங்கி நில்றா, எண்ணெய் சிந்துது," என்றது அந்தக் குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். "சிரிக்காதீங்கடா. சிரிச்சா வாய் கோணிக்கும். வாய் கோணினா சாவு. செத்தா?"

"செத்ததுதான்," என்று வின்னியும் ஏனோக்கும் ஒரே குரலில் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார்கள்.

பேசியது தேவிகா. வெற்றிலையை ஒதுக்குகிற கொழகொழப்பு, வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன இழுப்பு, எல்லாவற்றையும் அப்படியே பிடித்திருந்தாள். கொஞ்சம் கூட்டியும் இருந்தாள். ரத்தினம் அங்கே ஒரு கோமாளிக் கிழவியாகியிருந்தாள். எதற்கெடுத்தாலும் சாவைப் பற்றிப் பேசி எல்லாரையும் சிரிக்கவைக்கிறவள். "ரத்தினம்மா, எனக்குப் பசிக்குது," என்றான் ஏனோக், கரடி மாணிக்கத்தின் கட்டைக் குரலில்.

ஜெயமேரி சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். திரும்பிப் போயிருப்பாள். அதற்குள் சமையற்கட்டிலிருந்து டோரீன் ஆன்ட்டி பார்த்துவிட்டாள். "மேரி! வா வா, சொன்ன மாதிரியே வந்துட்டியே," என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஒரு கையில் டீத் தட்டு, இன்னொரு கையில் ஜெயமேரி. பின்னறைக் கதவைத் தோளால் தள்ளி, "யாரு வந்துகீறா பாருங்க," என்றாள்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். மேஜை முழுக்க அவள் செய்த பொம்மைகள். கல்தின்னி ஓர் ஓரத்தில் நின்றது. மாணிக்கம் நடுவில், நின்றுகொண்டு. தங்கப்பனைக் காணவில்லை. ரத்தினம் தேவிகாவின் கைக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"உக்காரு மேரி," என்றான் வின்னி.

அவள் உட்காரவில்லை. "மாணிக்கம் எப்படி எழுந்தான்?"

"நாகு ஒரு ஊத்து கண்டுபுடிச்சா. பாம்புங்க வழி சொல்லிச்சு. அந்தத் தண்ணியில..." வின்னி உற்சாகமாகத் தொடங்கி, பாதியில் தன் குரலைத் தானே கேட்டு நிறுத்திக்கொண்டான்.

தேவிகா அழ ஆரம்பித்திருந்தாள். "சொல்லணும்னுதான் இருந்தோம் ஜெயா. ஏனோக்குக்கு மாணிக்கம் போனது தாங்கல. ஆனா உன்கிட்ட எப்படிக் கேக்கறது? உங்கப்பா அப்படிப் போனதாலதான் அந்த ரூலு உனக்கு அவ்ளோ முக்கியம்னு எங்களுக்குத் தெரியும். மாத்துன்னு சொன்னா உன் மனசு இன்னா ஆவும்னு பயந்துக்கினு..."

"எங்கப்பாவ இதுல இழுக்காத," என்றாள் ஜெயமேரி. ரத்தினத்தின் குரல் இல்லை, அவளுடைய சொந்தக் குரல்தான். அறையில் அவர்கள் யாரும் அதை அத்தனை உரக்கக் கேட்டதில்லை. "அது நல்ல ரூலு. அதனால போட்டேன். வேற ஒண்ணும் கிடையாது. மூணு பேரும் உக்காந்து எங்கப்பாவப் பத்திப் பேசிக்கினு இருந்தீங்களா?"

வின்னி பகடைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தான். பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது.

"என்ன வேணாம்னு வச்சுட்டீங்க. சரி. இவள இன்னாத்துக்கு வச்சுக்கினீங்க?" ரத்தினத்தைக் காட்டினாள். "இவளையும் அனுப்பியிருக்கலாமே."

வின்னி சொன்னான்: "அவ இல்லாம கீழூரு நல்லா இல்ல மேரி."

பாராட்டாகத்தான் சொன்னான். இத்தனை நேரம் கேட்டதில் அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. கையை நீட்டி ரத்தினத்தை எடுத்துக்கொண்டாள்.

"இல்ல மேரி, அடுத்த வாரம் பெரிய கதவு வருது, சாவி ரத்தினத்துகிட்டதான்..." என்று வின்னி தன்னை மறந்து சொன்னான். ஏனோக் அவன் கையைத் தட்டி நிறுத்தினான். அன்று ஏனோக் செய்தது அது ஒன்றுதான். 

"டீ ஆறிப்போவுது சைல்ட்," என்றாள் டோரீன் ஆன்ட்டி. அவளுக்கு எதுவும் புரியவில்லை. அவள் மனம் கோணக் கூடாது என்று ஜெயமேரி நின்றபடியே டீயைக் குடித்து முடித்தாள். தம்ளரைத் தட்டில் வைத்தாள். கதவருகே போய்த் திரும்பி, "தேவிகா, சித்திக்கு உடம்பு எப்படி கீதாம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

டோரீன் ஆன்ட்டியின் பல் செட்டை அவள் ஒரு குறையும் இல்லாமல் முடித்துக் கொடுத்தாள். சந்தைக்காரர்கள், மீன்காரி, குருட்டு வைத்தியன் எல்லாரையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றினாள். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட மோசமான ஒன்று நடந்திருந்தது. அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், ரத்தினத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தொண்டையைக் கனைத்து, ரத்தினம் மாதிரிப் பேசிப் பார்த்தாள். வந்தது தேவிகா பேசிய ரத்தினம். இழுப்பும் கொழகொழப்பும் தேவிகா கூட்டிச் சொன்ன அளவிலேயே வந்தன. தன்னுடையது எது, அவள் சேர்த்தது எது என்று பிரிக்க முடியவில்லை. மறுபடியும் முயன்றாள். பிறகு விட்டுவிட்டாள்.

தேவிகா பல தடவை வந்தாள். வாசலில் நிற்பாள். "பேசேன்டி, எவ்ளோ நேரம் நிக்கறா பாவம்," என்று அம்மா திட்டுவாள். ஜெயமேரி உள்ளே ஏதாவது வேலையைப் பார்ப்பாள். 1999இல் தேவிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பத்திரிகை வைக்க அவளே வந்தாள். "வா ஜெயா. நீ வரலன்னா எனக்கு..." என்று முடிக்காமல் நின்றாள். ஜெயமேரி பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போய் வந்தாள். பொண்ணு அழுதுகொண்டே இருந்தாள் என்றாள். எல்லாப் பொண்ணும்தான் அழும் என்றாள் ஜெயமேரி. அடுத்த வருஷம் வின்னியும் டோரீன் ஆன்ட்டியும் பெர்த்துக்கே போய்விட்டார்கள். பொம்மைகளை அவன் எடுத்துப் போனானா, எங்கே விட்டான் என்று அவள் விசாரிக்கவில்லை.

2001 தொடக்கத்தில் சுரங்கத்தை மூடினார்கள். ஊரே கூட்டம் கூட்டமாக நின்று அதையே பேசிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் ஏனோக் ஆஸ்பத்திரிக்கு வந்தான். பல்லுக்காக அல்ல. நேரே பின்னறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது.

"ஓசூர்ல வேலை கெடைச்சிருக்கு. அடுத்த வாரம் போறேன்," என்றான்.

"நல்லது."

"உங்கப்பாவ சொன்னது தப்பு மேரி. ரூல மாத்தினது அதுக்காக இல்ல. எனக்காகத்தான்." அவன் மேஜைமேல் இருந்த மாவுத் தாடைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உன்கூட ஆடும்போது நெஜமாவே பயமா இருக்கும். அதான் அதுல விசேஷம், ஒத்துக்கறேன். ஆனா நீ வாரம் முழுக்க மேல உக்காந்து பல்லு கட்டற. உனக்கு சண்டே அன்னிக்கு பயம் வேணும். நான் வாரம் முழுக்க கீழ எறங்கறேன். எனக்கு சண்டே ஒரு நாளாச்சும் செத்தவன் எழுந்து வரணும். அவ்ளோதான்."

ஜெயமேரி கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அது புரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பக்கத்திலிருந்து ஒருதரம்கூட யோசிக்கவில்லை.

"இத்த நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம் ஏனோக்."

"சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா மாத்தியிருப்பியா?"

 "தெரியல. ஆனா அது நான் சொல்ல வேண்டிய பதிலு. எனக்குப் பதிலா நீங்களே சொல்லிக்கினீங்க."

ஏனோக் தலையை ஆட்டினான். எழுந்து நின்றான். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஆடலாமா? நம்ம ரெண்டு பேரு. உன் ரூலுதான்."

"வேணாம்," என்றாள். "போய்ட்டு வா."

அந்த வருஷமே டாக்டர் சௌந்தரராஜன் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போனார். போகும்போது ஜெயமேரிக்கு அங்கே ஒரு பல் லேபில் வேலை சொல்லி வைத்தார். காலை ரயிலில் ஊரிகத்தில் ஏறி, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பினாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போய்வந்தார்கள். பெண்கள் பெட்டியில் எதிரே உட்காரும் இருவர் பழக்கமானார்கள். பார்வதம்மா கார்மெண்ட்ஸில் தையல்; பேச்சில் பாதி கன்னடம். வாணி ஓர் ஆபீசில் டைப்பிங்.

பரணிலிருந்த டப்பாவை லேபில் யாருக்கோ காட்ட ஜெயமேரி ஒருநாள் எடுத்துப் போனாள். ரயிலில் வாணி அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, சாமியா?"

"இல்ல. குருட்டு வைத்தியன்."

பதிலோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாணி, "யாருக்கு வைத்தியம் பாக்கறான்?" என்று கேட்டாள். மாலூர் வருவதற்குள் மூவரும் கீழூர்ச் சந்தையில் நின்றுகொண்டிருந்தார்கள். இந்த முறை கதை சொல்வது ஜெயமேரி. பகடைக்குப் பதிலாக லேபில் ஒதுக்கிய பொய்ப்பற்களில் புள்ளி வைத்து, கையில் குலுக்கிப் போட்டார்கள். மெழுகு மிச்சத்தில் பார்வதம்மாவுக்கு ஒரு தையல்காரியும் வாணிக்கு ஒரு வாய்துடுக்குத் திருடியும் செய்து வந்தாள். கதையில் முதல் சண்டை வருமுன்னால், "செத்தா திரும்பி வரலாமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க," என்றாள்.

"பர்லி பிடு, பாவம்," என்றாள் பார்வதம்மா. "வரட்டும்." வரட்டும் என்றே வைத்துக்கொண்டார்கள்.

ரத்தினத்தை அவள் கொண்டுவரவில்லை. ஆட்டம் நன்றாகவே நடந்தது. வாணி சிரித்தால் பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஒவ்வொரு நாள் சாயந்திரமும் இறங்கும்போது ஜெயமேரி, "நாளைக்கு வருவீங்கதானே?" என்று கேட்பாள். வேலைக்குப் போகிறவர்கள் வராமல் எங்கே போவார்கள்? இருந்தாலும் கேட்பாள்.

டிசம்பரில் ஒரு காலை அவள் ஏறியபோது அவர்களுடைய இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டிற்று. பங்காருப்பேட்டையில் ரயில் நின்றதும் அவள் இறங்கி, கூட்டத்தில் இடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனாள். இரண்டு பெட்டி தள்ளி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்வதம்மாவின் மடியில் தையல்காரி இருந்தாள்.

"ஜெயாக்கா, இங்க வாங்க," என்று வாணி கையை ஆட்டினாள். "கும்பல்ல தள்ளி இதுல ஏத்திவிட்டுட்டாங்க. உங்களுக்கு எடம் புடிச்சு வச்சுக்கினு எட்டி எட்டிப் பார்த்துக்கினே கீறோம்."

ஜன்னலோரம் ஒரு துப்பட்டா போட்டு நிஜமாகவே இடம் பிடித்து வைத்திருந்தார்கள். ஜெயமேரி உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? உங்கள விட்டுட்டு ஆடுவோமா?" என்று வாணி சிரித்தாள்.

ஜெயமேரி பார்வதம்மாவின் மடியிலிருந்த தையல்காரியை ஒருமுறை பார்த்துவிட்டு, பொம்மைப் பையைத் தன் மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். இன்றைக்குத் தலைவலிக்கிறது, நாளைக்கு ஆடலாம் என்றாள். பெங்களூர் வரும்வரை பையைத் திறக்கவில்லை.